ஆழ்கடல் நீரின் அடர்த்தியும் அடிக்கடல் ஓட்டமும்

கடல்நீரின் அடர்த்தியைத் தீர்மானிப்பவை மூன்று: வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம். நீர் குளிர்ந்தால் சுருங்கிக் கனக்கிறது. உப்பு கூடினாலும் கனக்கிறது. தலைக்குமேல் நிற்கும் நீரின் பாரம் நெருக்கினாலும் கனக்கிறது. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள நீரை எடுத்துக்கொண்டால், 25 டிகிரி செல்சியஸில் மேற்பரப்பில் அதன் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1023 கிலோ இருக்கும். அதே நீர் 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் 1028 கிலோ. அந்தக் குளிர்ந்த நீரை 4000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால் 1046 கிலோவைத் தாண்டிவிடும்.

இந்த மூன்று எண்களிலேயே ஆழ்கடல் ஆய்வின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. அடர்த்தியை மிக அதிகமாகக் கூட்டுவது அழுத்தம். ஆனால் ஒரே ஆழத்தில் இருக்கும் எல்லா நீரையும் அது கிட்டத்தட்ட ஒரே அளவில் நெருக்குவதால், எந்த நீர் எதற்கு அடியில் போய்ப் படுக்கும் என்பதை முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கில்லை. அந்த முடிவு வெப்பமும் உப்பும் உண்டாக்கும் சிறு வேறுபாடுகளின் கையில் இருக்கிறது. 2000 மீட்டருக்குக் கீழே, அழுத்தத்தின் விளைவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், உலகப் பெருங்கடல்களின் நீர் முழுவதும் கன மீட்டருக்கு ஒரு கிலோகூட வேறுபடாது. ஒரு டன் எடையில் சில கிராம், சில பத்து கிராம் என்ற இந்த வேறுபாடுகளைக் கொண்டுதான் அண்டார்டிக் கரையில் மூழ்கும் நீர் வங்காள விரிகுடாவின் வாசல்வரை வருவதையும், கிரீன்லாந்துக்கு அருகே மூழ்கும் நீர் தென் அட்லாண்டிக்கை எட்டுவதையும் விளக்க வேண்டியிருக்கிறது.

ஆழத்தில் நீர் குளிர்ந்திருக்கிறது என்பதே முதலில் ஓர் எதிர்பாராத செய்தியாகத்தான் வந்தது. 1751இல் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக்கில், வால்வு பொருத்திய ஒரு வாளியை ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான கயிற்றில் இறக்கினார். மேற்பரப்பு நீர் 29 டிகிரி வெப்பத்தில் இருக்க, வாளியில் வந்த நீர் 12 டிகிரிக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. வரும் வழியில் சூடேறியதுபோக மிச்சம் அது. அடிமை வணிகக் கப்பலின் தலைவரான அவர், அந்த நீரைக் குளிக்கவும் மதுவைக் குளிரவைக்கவும் பயன்படுத்திக்கொண்டதோடு சரி. அதன் பொருளை எடுத்துச் சொன்னவர் ரம்ஃபோர்ட் பிரபு. நன்னீர் 4 டிகிரியில் மிகக் கனமாகி, அதற்குக் கீழே குளிரக் குளிர மீண்டும் லேசாகிறது. கடல்நீர் அப்படியன்று, உறையும் புள்ளியான ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரிவரை அது கனத்துக்கொண்டே போகிறது. ஆகவே துருவக் கடல்களில் குளிர்ந்த நீர் அடிவரை மூழ்க முடியும், வெப்பமண்டலத்தின் அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் துருவங்களிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும், அப்படியானால் மேலே எங்கோ ஓர் எதிரோட்டமும் இருக்க வேண்டும் என்று 1790களின் இறுதியில் அவர் வாதிட்டார். நேரில் ஒரு நீரோட்டத்தையும் பார்க்காமல், நீரின் ஒரு பண்பிலிருந்து மட்டும் எட்டிய முடிவு இது. பின்வந்த இரண்டு நூற்றாண்டு அளவீடுகள் அதன் உருவத்தைத்தான் திருத்தின, அடித்தளத்தை அசைக்கவில்லை.

ஆழத்தில் உள்ள நீரை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால் அழுத்தத்தின் பங்கை நீக்கியாக வேண்டும். அதற்கு இரண்டு திருத்தங்கள் தேவை. முதலாவது வெப்பநிலைக்கு. நீர் ஆழத்துக்குப் போகும்போது அமுக்கப்படுவதால், வெளியிலிருந்து வெப்பம் எதுவும் வராமலேயே சற்றுச் சூடாகிறது. மரியானா அகழியில் இதைத் தெளிவாகக் காணலாம்: அங்கே வெப்பநிலை 4500 மீட்டர் அளவில் 1.5 டிகிரியை ஒட்டிக் குறைந்துவிட்டு, அதன்பின் ஏறத் தொடங்கி, 10,000 மீட்டருக்கும் கீழான அடியில் 2.5 டிகிரி ஆகிறது. அடியில் சூடான நீர், அதன்மேல் குளிர்ந்த நீர் என்ற இந்த அடுக்கைப் பார்ப்பவருக்கு, அது எந்நேரமும் தலைகீழாகப் புரண்டுவிடும் என்று தோன்றும். அப்படி எதுவும் நடப்பதில்லை. அடிநீரை வெப்பம் சேராமல் மேற்பரப்புக்குக் கொண்டுவந்தால் அது விரிந்து 1 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்துவிடும். அப்படிக் கணக்கிட்ட வெப்பநிலையே நிலைவெப்பநிலை. அதைக் கொண்டு, மேற்பரப்பு அழுத்தத்தில் அந்த நீருக்கு இருக்கக்கூடிய அடர்த்தியைக் கணக்கிட்டால் கிடைப்பது நிலையடர்த்தி. எழுதும் வசதிக்காக அதிலிருந்து ஆயிரத்தைக் கழித்து, மிச்சத்தைச் சிக்மா என்று குறிப்பர்; 1027.8 கிலோ என்பது சிக்மா 27.8 ஆகும்.

இரண்டாவது திருத்தம் நுட்பமானது. கடலியலாளர்களே நெடுங்காலம் அதில் தடுமாறியிருக்கிறார்கள். எல்லா நீரும் ஒரே அளவில் அமுங்குவதில்லை. குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீரைவிட எளிதில் அமுங்கும். இதையே மறுபக்கமிருந்தும் சொல்லலாம்: 0 டிகிரியை ஒட்டிய நீரை ஒரு டிகிரி குளிர்வித்தால் மேற்பரப்பில் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 50 கிராம்தான் கூடும், 4000 மீட்டர் ஆழத்து அழுத்தத்தில் அதே ஒரு டிகிரிக்கு அந்த ஏற்றம் மும்மடங்கை நெருங்கும். உப்பின் விளைவோ ஆழத்தோடு அவ்வளவாக மாறுவதில்லை. ஆக, மேற்பரப்பில் உப்பும் குளிரும் சமமாகப் போட்டியிடும் இரண்டு நீர்கள் ஒன்றாக மூழ்கினால், ஆழத்தில் குளிர்தான் வெல்லும்.

இதற்கு உலகிலேயே பெரிய எடுத்துக்காட்டு தென் அட்லாண்டிக்கின் அடியில் இருக்கிறது. அங்கே வடக்கிலிருந்து வரும் வட அட்லாண்டிக் ஆழ்நீர் சற்று வெதுவெதுப்பானது, உப்பு மிகுந்தது: 2 முதல் 3 டிகிரி வெப்பம், 34.9 உப்பு. தெற்கிலிருந்து வரும் அண்டார்டிக் அடிநீர் 0 டிகிரியை ஒட்டியது, உப்பு 34.7க்கும் குறைவு. மேற்பரப்பு அழுத்தத்துக்குத் திருத்திய நிலையடர்த்தியை வரைந்தால், வடக்கு நீரே கனமானதாகத் தெரியும். அதாவது கனமான நீர் லேசான நீரின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் படுத்திருப்பதுபோல் படம் வரும். நடக்க முடியாத காட்சி இது. லின், ரீட் இருவரும் 1968இல் காட்டியபடி, ஒப்பிடும் மட்டத்தை மேற்பரப்பிலிருந்து 4000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது: அண்டார்டிக் நீர் தன் குளிரால் அதிகம் அமுங்கி, உண்மையில் கனமானதாகி, அடியில் இருக்கிறது. கடலில் பிழையில்லை, கணக்கிட்ட மட்டம்தான் தவறான இடம்.

எந்த ஒற்றை மட்டத்தைத் தேர்ந்தாலும் வேறெங்காவது இதே கோளாறு தலைகாட்டும் என்பதால், 1997இல் ஜாக்கெட், மெக்டூகல் இருவரும் நடுநிலை அடர்த்தி என்ற அளவை முன்வைத்தனர். ஒரு துளி நீர் மிதக்கவும் மூழ்கவும் முயலாமல் பக்கவாட்டில் நகரக்கூடிய பரப்பு எதுவோ, அதை உலகக் கடல் முழுவதும் தொடர்ந்து வரையும் முயற்சி அது. ஆழ்நீர் பயணம் செய்வது இத்தகைய பரப்புகளின் வழியேதான். அவற்றைக் குறுக்கே கடக்க நீர் மற்றொரு நீரோடு கலந்தாக வேண்டும். கலப்பதற்கு ஆற்றல் வேண்டும். இந்தச் செய்தி கட்டுரையின் பிற்பகுதிக்கும் தேவைப்படும்.

அளவிடும் கருவிகளின் துல்லியமும் இந்தச் சிறு வேறுபாடுகளுக்கு ஏற்றபடி வளர வேண்டியிருந்தது. உலகின் பல கடல்களிலிருந்து சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்துப் பார்த்த வில்லியம் டிட்மார், உப்பின் அளவு எங்கே எப்படி மாறினாலும் அதிலுள்ள முக்கிய அயனிகளின் விகிதம் மாறுவதில்லை என்று 1884இல் உறுதிசெய்தார். அதனால் குளோரினை மட்டும் அளந்து மொத்த உப்பைக் கணிக்க முடிந்தது. மார்ட்டின் நுட்சென் 1901இல் வெளியிட்ட அட்டவணைகள் அதை அடர்த்தியாக மாற்றித் தந்தன. இன்று மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் தொடர்ந்து பதியும் சி.டி.டி. கருவி, மாதிரிக் குப்பிகளின் வளையத்தோடு கம்பியில் இறங்குகிறது. மேலே வந்த நீர் ஆய்வகத்தில், உலகம் முழுவதும் பொதுவாக வைத்திருக்கும் தரநிலைக் கடல்நீரோடு ஒப்பிடப்படுகிறது. ஆழ்கடலுக்கு உப்பை, கிலோவுக்கு ஒரு கிராமின் ஆயிரத்தில் இரண்டு பங்கு துல்லியத்தில் அளக்காவிட்டால் பயனில்லை என்பது கப்பலில் வேலை செய்பவர்களின் பொது விதி. 2010 முதல் நடைமுறைக்கு வந்த டியோஸ்-10 என்ற சர்வதேசச் சமன்பாட்டுத் தொகுதி, கடலில் இடத்துக்கு இடம் சிறிதே மாறும் உப்புக் கலவையையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

ஆழ்கடலை நிரப்பும் அளவுக்குக் கனமான நீர் உலகில் வெகு சில இடங்களில்தான் உருவாகிறது. அவற்றுள் அண்டார்டிக் கரையோரம் முதன்மையானது. வெடல் கடல், ராஸ் கடல், அடேலி கடற்கரை, டார்ன்லி முனை ஆகிய இடங்களில் கண்டத்தின் பனிச்சரிவிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்று, கரையை ஒட்டி உறைந்த கடல்பனியைத் தொடர்ந்து கடலுக்குள் தள்ளிவிடுகிறது. கரையோரம் திறந்த நீர் மிஞ்சுகிறது. அது உடனே உறைகிறது. உறைந்ததும் மீண்டும் தள்ளப்படுகிறது. கடல்நீர் உறையும்போது பனிக்கட்டி உப்பின் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். அந்த உப்புநீர் கீழே இறங்கி, ஆழம் குறைந்த கண்டத்திட்டின் மேல் தேங்குகிறது. குளிர்காலம் முழுவதும் இந்தப் பனித் தொழிற்சாலை ஓய்வதில்லை. தேங்கிய நீரில் ஒரு பகுதி மிதக்கும் பனித்தட்டுகளின் அடியில் புகுந்து, அங்குள்ள அழுத்தத்தில் உறைநிலை இன்னும் தாழ்வாக இருப்பதால், மைனஸ் 2 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து வெளிவருகிறது. கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டியதும் இந்த நீர் சரிவில் இறங்குகிறது. இறங்க இறங்கத் தன் குளிரால் சுற்றியுள்ள நீரைவிட அதிகம் அமுங்கி, மேலும் கனத்து, மேலும் இறங்குகிறது. அண்டார்டிக் நீர் உலகக் கடல்களின் தரைவரை எட்டுவதற்கு அதன் தொடக்க அடர்த்தியோடு இந்த வழித்துணையும் காரணம்.

வட அட்லாண்டிக்கில் நடப்பது வேறுவிதம். நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடைப்பட்ட நார்டிக் கடல்களில் குளிர்ந்து கனத்த நீர், கிரீன்லாந்து முதல் ஸ்காட்லாந்துவரை நீளும் கடலடி மேட்டுக்குப் பின்னால் அணைநீர்போல் நிற்கிறது. அந்த மேட்டிலுள்ள இரண்டு தாழ்வான வாசல்கள் வழியே அது வழிகிறது. கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலுள்ள டென்மார்க் நீரிணை 600 மீட்டருக்குச் சற்றே அதிக ஆழம். ஃபேரோ வாய்க்கால் 800 மீட்டருக்கும் அதிகம். டென்மார்க் நீரிணை வழியே மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 30 லட்சம் கன மீட்டர் நீர் அட்லாண்டிக் பக்கம் கொட்டுகிறது. உலக ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் சேர்க்கும் நீர் நொடிக்கு 12 லட்சம் கன மீட்டர் அளவுதான். இறங்கும் வழியில் பக்கத்து நீரை இழுத்துச் சேர்த்துக்கொள்வதால் ஓட்டம் இரு மடங்காகி, 3000 மீட்டருக்கும் கீழே போய் நிலைகொள்கிறது.

இதோடு ஜிப்ரால்டரை வைத்துப் பார்த்தால் அடர்த்தி மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை என்பது விளங்கும். மத்தியதரைக் கடலில் ஆவியாதல் மிகுதி; அங்கிருந்து அடிவழியாக வெளியேறும் நீரின் உப்பு 38.4, வெப்பம் 13 டிகிரி. மேற்பரப்பு அளவில் அதன் சிக்மா 29ஐ ஒட்டியது. டென்மார்க் நீரிணையின் நீரைவிட, ஏன், அண்டார்டிக் நீரைவிடவும் அது கனமானது. கணக்குப்படி அட்லாண்டிக்கின் தரையையே அது மூட வேண்டும். ஆனால் 1000 மீட்டருக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. காரணம் இரண்டு. ஜிப்ரால்டரின் செங்குத்தான சரிவில் வேகமாகப் பாய்வதால், அது வெதுவெதுப்பான அட்லாண்டிக் மேல்நீரை ஏராளமாகக் கலந்துகொண்டு தன் மிகைக் கனத்தை இழந்துவிடுகிறது. வெப்பமான நீர் குறைவாக அமுங்கும் என்பதால் எஞ்சிய கனத்தின் ஒரு பங்கு ஆழத்தில் பயனற்றுப் போகிறது. செங்கடல் நீரின் கதையும் இதேதான்: 40 உப்புள்ள நீர் பாபெல் மண்டெப் வழியே வெளியே வந்து, அரபிக்கடல் பக்கம் 1000 மீட்டரைத் தாண்டாமல் பரவிவிடுகிறது. கனமாகப் புறப்படுவதைவிடக் குளிர்ந்து புறப்படுவது ஆழத்தை எட்ட உதவுகிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

வட பசிபிக் இதன் மறுமுனை. அங்கும் கடுங்குளிர் உண்டு. ஆனால் மேல்நீரின் உப்பு 33ஐ ஒட்டியது. உறைநிலைவரை குளிர்ந்தாலும் அடியிலிருக்கும் நீரைவிட அது லேசாகவே இருக்கும். ஆகவே அங்கே ஆழ்நீர் உருவாவதில்லை. பசிபிக்கின் ஆழம் முழுவதும் தெற்கிலிருந்து நிரப்பப்படுகிறது. கதிர்க்கரிமக் காலக்கணிப்பில் உலகின் மிகப் பழைய ஆழ்நீர் வட பசிபிக்கில் காணப்படுவதற்கு இதுவே காரணம்; மேற்பரப்பைவிட்டு அது நீங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அடுத்த கேள்வி, கனமான நீர் எப்படி ஓடுகிறது என்பது. சரிவில் தண்ணீர் இறங்குவதுபோல் அது கனமான இடத்திலிருந்து லேசான இடம் நோக்கி நேராகப் பாயும் என்று எண்ணத் தோன்றும். புவி சுழலாமல் இருந்தால் அப்படித்தான் நடக்கும். சுழலும் புவியில், பெரும்பரப்பில் மெதுவாக நகரும் நீரைக் கொரியோலிஸ் விசை பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அழுத்த வேறுபாட்டுக்குக் குறுக்கே, அதைச் சுற்றிக்கொண்டு நீர் ஓடுகிறது. இதில் ஒரு பெரிய வசதியும் கிடைக்கிறது. ஓரிடத்தின் இரு பக்கங்களிலும் அடர்த்தியை மேலிருந்து கீழ்வரை அளந்துவிட்டால், இடையில் ஓடும் நீரோட்டம் ஆழத்தோடு எவ்வளவு மாறுகிறது என்பதை ஓட்டத்தை அளக்காமலேயே கணக்கிடலாம். சாண்ட்ஸ்ட்ரோம், ஹெலாண்ட்-ஹன்சன் இருவரும் 1903இல் வகுத்த முறை இது. கிடைப்பது மாற்றத்தின் அளவு மட்டுமே. எந்த ஆழத்தில் நீர் அசையாமல் நிற்கிறது என்பதை வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் குறையைப் போக்கியது, அடர்த்தியையே கருவியாக்கிய ஓர் எளிய பொருள். 1955இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஸ்வாலோ, கட்டடச் சாரத்துக்குப் பயன்படும் அலுமினியக் குழாய்களைக் கொண்டு மிதவை செய்தார். குழாயின் சுவர் தேவையான அளவு மெலியும்வரை காஸ்டிக் சோடாக் கரைசலில் அதைக் கரைத்தார். மேற்பரப்பில் அது கடல்நீரைவிடச் சற்றே கனமாக இருக்கும்படி எடை சேர்க்கப்பட்டதால் மூழ்கும். ஆனால் குழாய் கடல்நீரைவிடக் குறைவாக அமுங்கும். ஆழம் போகப்போகச் சுற்றியுள்ள நீர் கனத்துக்கொண்டே வந்து, ஒரு மட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். அங்கே அது நின்று, நீரோடு நகர்ந்து, ஒலித்துடிப்பால் தன் இருப்பிடத்தை அறிவிக்கும். ஹென்றி ஸ்டாமெல், புவியின் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டு, ஆழ்நீர் பெருங்கடலின் மேற்குக் கரையை ஒட்டி ஒரு குறுகிய ஓட்டமாகவே செல்ல வேண்டும் என்று கணித்திருந்தார். 1957இல் ஸ்வாலோவும் வொர்திங்டனும் அமெரிக்காவின் தென் கரோலினாவுக்கு அப்பால், வளைகுடா நீரோட்டத்தின் அடியில் இந்த மிதவைகளை இறக்கினர். மேலே வடக்கு நோக்கி ஓடும் பெரும் ஓட்டத்துக்குக் கீழே, 2500 மீட்டருக்கும் கீழான ஆழத்தில் மிதவைகள் தெற்கு நோக்கி நகர்ந்தன. கோட்பாடு முன்னே போய் அளவீடு பின்னால் வருவது கடலியலில் அடிக்கடி நடப்பதில்லை.

அதே அடர்த்திமுறை இன்று நிரந்தரக் கண்காணிப்பாகியிருக்கிறது. 2004 ஏப்ரல் முதல் வட அகலாங்கு 26.5 டிகிரியில், பஹாமாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரைவரை, நங்கூரமிட்ட கம்பிகளில் வெப்பமும் உப்பும் அளக்கும் கருவிகள் தொங்குகின்றன. ரேபிட் என்று பெயர்பெற்ற இந்த வரிசையில் முக்கியமானவை இரு முனைகளிலும் உள்ள கம்பிகள். ஃபுளோரிடா நீரிணையின் ஓட்டத்தைக் கடலடித் தொலைபேசிக் கம்பியில் எழும் மின்னழுத்தம் தருகிறது; மேற்பரப்பில் காற்று தள்ளும் பங்கைத் தனியே கணக்கிடலாம்; மிச்சத்தைக் கிழக்கு, மேற்கு விளிம்புகளின் அடர்த்தி வேறுபாடு சொல்லிவிடும். அதன் உணர்திறனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1000 மீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கில், மேற்கு விளிம்பின் நீர் கிழக்கைவிடக் கன மீட்டருக்கு 10 கிராம் மட்டும் கூடுதல் கனமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அடுக்குக்கு மேலே ஒவ்வொரு 1000 மீட்டர் தடிமன் நீரிலும் நொடிக்குச் சுமார் 15 லட்சம் கன மீட்டர் வடக்கு நோக்கிக் கூடுதலாக ஓடும். 10 கிராம் என்பது ஆழ்கடலில் ஒரு டிகிரியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெப்ப வேறுபாட்டுக்குச் சமம். உலகின் எல்லா ஆறுகளையும் மிஞ்சும் ஓட்டத்தை அவ்வளவு சிறிய வேறுபாடு தாங்கி நிற்கிறது. மேலே வடக்கே போய்க் கீழே தெற்கே திரும்பும் அட்லாண்டிக் சுழற்சி சராசரியாக நொடிக்கு 1.7 கோடி கன மீட்டர் என்றும், 2009-10இல் அது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்து பின் மீண்டது என்றும் இந்த வரிசை காட்டியது. 2014இல் வடக்கே தொடங்கிய ஆஸ்நாப் வரிசை மற்றொரு நம்பிக்கையை மாற்றியது. லாப்ரடார் கடலே ஆழ்நீரின் முதன்மை ஊற்று என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. சுழற்சியின் பெரும்பகுதி கிரீன்லாந்துக்குக் கிழக்கேதான் நடக்கிறது என்று 2019இல் வெளியான முதல் முடிவுகள் தெரிவித்தன.

மூழ்கிய நீர் எப்படியும் மேலே வந்தாக வேண்டும். வராவிட்டால் சில ஆயிரம் ஆண்டுகளில் ஆழ்கடல் முழுவதும் மிகக் கனமான குளிர்நீரால் நிரம்பி, அசைவற்றுப்போகும். அடர்த்தி வேறுபாட்டால் மட்டும் இதைச் செய்ய முடியாது என்று ஸ்வீடனைச் சேர்ந்த சாண்ட்ஸ்ட்ரோம் 1908இலேயே வாதிட்டிருந்தார். சூடாக்குவது குளிர்விப்பதைவிடத் தாழ்ந்த மட்டத்தில் நடந்தால்தான் வெப்பத்தால் வலுவான சுழற்சி நடக்கும். கடலிலோ இரண்டுமே மேற்பரப்பில் நடக்கின்றன. ஆகவே சூட்டை ஆழத்துக்கு இறக்க ஏதாவது ஒன்று நீரைக் கலக்க வேண்டும். 1966இல் வால்டர் மங்க், பசிபிக்கின் ஆழ அடுக்குகளைக் கொண்டு, நீர் ஆண்டுக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் மேலெழ வேண்டும் என்றும், அதற்கு எவ்வளவு கலப்பு தேவை என்றும் கணக்கிட்டார். பின்னர் தடயப் பொருளைக் கடலில் கரைத்து அளந்தபோது, திறந்த கடலின் நடு ஆழங்களில் கலப்பு அதில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. மிச்சம் எங்கே என்ற தேடலுக்கு 1990களில் பிரேசில் ஆழ்படுகை விடை தந்தது: வழவழப்பான தரையின் மேல் கலப்பு சொற்பம், மத்திய அட்லாண்டிக் மேட்டின் கரடுமுரடான முகடுகளின் மேல் அது பல மடங்கு. ஓதங்கள் அந்த முகடுகளில் மோதி எழுப்பும் உள்ளலைகள் உடைந்து நீரைக் கலக்குகின்றன. சந்திரனின் ஈர்ப்பு இப்படி அடிக்கடலின் அடர்த்தி அடுக்கைக் கட்டிக்காக்கிறது. மங்கும் கார்ல் வுன்ஷும் 1998இல் மதிப்பிட்டபடி இதற்குத் தேவையான ஆற்றல் 2 லட்சம் கோடி வாட். பாதி ஓதத்திலிருந்தும் பாதி காற்றிலிருந்தும் கிடைக்கலாம்.

காற்றுக்கு இன்னொரு வழியும் உண்டு. டிரேக் நீரிணையின் அகலாங்கில் பூமியைச் சுற்றிக் கண்டம் எதுவும் குறுக்கிடாததால், வலுத்த மேற்குக் காற்று மேல்நீரை வடக்கே தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து நீர் எழுகிறது. அங்கே சம அடர்த்திப் பரப்புகள் ஆழத்திலிருந்து மேற்பரப்புவரை சாய்ந்து ஏறுகின்றன. அவற்றைக் குறுக்கே கடக்காமல், அவற்றின் வழியாகவே ஏறிவிடும் நீருக்குக் கலப்பு தேவைப்படுவதில்லை. வட அட்லாண்டிக் ஆழ்நீரின் பெரும்பங்கு இந்தத் தென்பெருங்கடல் வாசல் வழியேதான் மேலே வருகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அடர்த்தி வேறுபாடே ஆழ்கடலை ஓட்டும் இயந்திரம் என்று பள்ளிப் பாடங்களில் வரும் விளக்கம் ஆகவே பாதி உண்மைதான். எங்கே மூழ்கும், எந்த மட்டத்தில் ஓடும், எந்தக் கரையை ஒட்டும் என்பதை அடர்த்தி வகுக்கிறது. ஓட்டத்தை நிற்காமல் வைத்திருக்கும் உழைப்பு காற்றுடையதும் ஓதத்துடையதும்.

இந்தியப் பெருங்கடலில் இந்தப் படத்தின் ஒரு பாதி மட்டுமே உண்டு. வடக்கே ஆசியா அடைத்து நிற்பதால் குளிர்ந்து மூழ்கும் கடல் அங்கில்லை. வங்காள விரிகுடாவின் வடபகுதியிலோ கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவரும் நன்னீரும் பருவமழையும் மேல்நீரை உலகப் பெருங்கடல்களின் சராசரியைவிட மிக லேசாக்கிவிடுகின்றன; அது மூழ்குவதை நினைத்துப் பார்க்கவே இடமில்லை. ஆழம் தெற்கிலிருந்து நிரம்புகிறது. மேற்கே அண்டார்டிக் நீர் மடகாஸ்கர் படுகை வழியே, அமிராந்தே கணவாயைக் கடந்து சோமாலியப் படுகைக்கும் அங்கிருந்து அரபிக்கடலுக்கும் செல்கிறது. கிழக்கே ஆஸ்திரேலியாவின் மேற்குப் படுகையை அடையும் நீர், தொண்ணூறு கிழக்கு மேட்டின் தாழ்ந்த இடைவெளிகள் வழியே வழிந்து மத்திய இந்தியப் படுகைக்கு வருகிறது. வங்காள விரிகுடாவில், 30 டிகிரியை ஒட்டிய மேல்நீருக்குக் கீழே, 3000 மீட்டருக்கும் கீழான ஆழத்தில் நீர் 2 டிகிரிக்கும் குறைவான குளிரில் இருப்பதற்கு இந்த நெடும்பயணமே காரணம்.

அடர்த்தியில் உப்பின் பங்கு எவ்வளவு வலியது என்பதை ஸ்டாமெல் 1961இல் இரண்டே பெட்டிகள் கொண்ட கணித மாதிரியில் காட்டினார். ஒரு பெட்டி வெப்பமும் உப்பும் மிக்கது, மற்றொன்று குளிரும் நன்னீரும் மிக்கது. இரண்டுக்கும் இடையிலான ஓட்டம் அடர்த்தி வேறுபாட்டைப் பொறுத்தது. ஓட்டமோ உப்பைச் சுமந்து அந்த வேறுபாட்டையே மாற்றுகிறது. விளைவு, ஒரே புறநிலையில் வலுவான ஓட்டம், பலவீனமான எதிரோட்டம் என இரண்டு நிலைகள் சாத்தியம். நன்னீர் சேர்ந்தால் மூழ்குதல் நின்றுபோகும் என்பது வெறும் கணிதமாக இருந்துவிடவில்லை. 1960களின் இறுதியில் வட அட்லாண்டிக்கில் பரவிய உப்புக் குறைந்த நீர்த்திரள் லாப்ரடார் கடலின் மேற்பரப்பை மூடியபோது, சில குளிர்காலங்களுக்கு அங்கே ஆழக் கலப்பு நிகழவில்லை.

தெற்கே அதே போக்கு மெதுவாகவும் நீண்டும் நடந்துவருகிறது. மேற்கு அண்டார்டிக்காவின் பனித்தட்டுகள் உருகிச் சேரும் நன்னீரால், ராஸ் கடலின் கண்டத்திட்டு நீர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து உப்புக் குறைந்துவந்தது. உலகப் பெருங்கடல்களின் தென்பகுதியில் அண்டார்டிக் அடிநீரின் அடுக்கு மெலிந்து, சூடாகி வந்திருப்பதைப் பல பத்தாண்டுகள் இடைவெளியில் அதே பாதையில் திரும்பத் திரும்பச் சென்ற ஆய்வுக் கப்பல்களின் அளவீடுகள் காட்டுகின்றன. மாற்றம் ஒரே திசையில் மட்டும் போவதுமில்லை: 2014க்குப் பின் சில ஆண்டுகள் ராஸ் கடலில் உப்பு மீண்டும் ஏறியது, காற்றும் கடல்பனியும் மாறியதன் விளைவாக. கப்பல் பத்தாண்டுக்கு ஒருமுறை போய்வருவதால் இத்தகைய ஏற்ற இறக்கங்கள் தப்பிவிடுகின்றன. வழக்கமான ஆர்கோ மிதவைகள் 2000 மீட்டரோடு திரும்பிவிடும். 6000 மீட்டர்வரை இறங்கும் ஆழ்கடல் ஆர்கோ மிதவைகள் இப்போதுதான் படுகை படுகையாக விடப்படுகின்றன. ஸ்வாலோவின் அலுமினியக் குழாய் ஒரே ஆழத்தில் நின்றது. இவை தம் கன அளவைத் தாமே மாற்றிக்கொண்டு தரைவரை இறங்கி ஏறி, ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழ்வரை அடர்த்தியை அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன.